அக்காவுக்கு எட்டுகிற கம்பி

சிப்பர் மெஷின் வாங்குவது என்று முடிவானதிலிருந்து என் வீட்டுக்காரரைக் கையில் பிடிக்க முடியவில்லை. சாப்பிடும்போதும் போன், பல் துலக்கும்போதும் போன். எந்த நாட்டிலோ ஒரு மெஷின் முழு மரத்தை வாயில் வாங்கி அந்தப் பக்கம் தூளாகத் துப்புவதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். "இந்தாமே, இத்தப் பாரு, இன்னா பவரு!" என்று போனை என் மூக்குக்கு நேராக நீட்டுவார். நம்மிடம் முழு மரத்தை யார் தரப்போகிறார்கள், நமக்கு வருவதெல்லாம் கிளையும் மட்டையும்தானே என்று கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

மரம் கழிக்கிற வேலை எங்களுக்கு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கம்பெனியும் சுற்றுச்சுவர் ஓரமாக மரம் வளர்த்துவைத்திருக்கும். கிளை கரண்ட் கம்பியில் உரசினாலும், ஷெட் கூரைமேல் சாய்ந்தாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். செவ்வாப்பேட்டையில் குட்டியானை வண்டியை எடுத்தால் பெரியபாளையம் வழியாகப் புதுவாயல். அங்கே நாஷ்டா முடித்துவிட்டு உள்ளே போவோம். அவரும் இன்னும் ரெண்டு ஆட்களும் கயிறு கட்டி மேலே ஏறுவார்கள். கம்பெனிக்காரர்களிடம் பேசுவது, பில் போடுவது, சண்டை போடுவது எல்லாம் நான். அதில் கடைசியாகச் சொன்ன வேலையில் எனக்கு நல்ல பேர்.

கீழே அக்கா. கூடப்பிறந்தவள் இல்லை, வேலைக்கு வந்த முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டேன், அப்படியே நின்றுவிட்டது. புதுவாயல் பக்கம் வீடு. விழுந்த கிளையை இழுத்து ஒதுக்குவது, அடுக்குவது, பெருக்குவது அவள் பொறுப்பு. புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. நானே குள்ளம், அவள் என் தோளுக்குத்தான் வருவாள். வலது கையில் ரெண்டு விரல் பாதியோடு நிற்கும். அது எப்படிப் போனது என்று முதல் நாள் கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிப்போய்க் கேட்கவே தோன்றவில்லை.

இன்னொரு வேலையும் அவளுடையது. மேலே ரம்பம் ஓடும்போது கீழே யாராவது செக்யூரிட்டியோ, டீ வாங்கப் போகிற பையன்களோ மரத்தடிக்கு வந்துவிட்டால் "நிறுத்து!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்த உடம்பில் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. என் வீட்டுக்காரர் எந்தக் கிளையின் நடுவில் இருந்தாலும் ரம்பத்தை நிறுத்திவிட்டுத்தான் ஏன் என்று கேட்பார்.

முன்பெல்லாம் கழித்த கிளையை ஒரு மூலையில் குவித்துக் கொளுத்திவிடுவோம். இப்போது கொஞ்சம் புகை தெரிந்தாலே சேஃப்டி அதிகாரி ஓடி வருகிறார். வெளியே கொண்டுபோய்க் கொட்டவும் யாரும் விடுவதில்லை. எங்களுக்கு நிறைய வேலை கொடுக்கிற கம்பெனியில் ஒருநாள் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்: கிளையை உள்ளேயே தூளாக்கி மரத்தடியில் பரப்ப வேண்டும், அதற்கு மெஷின் இருக்கிறவர்களுக்குத்தான் அடுத்த காண்டிராக்ட். அந்த மெஷின்தான் சிப்பர்.

முதலில் பார்க்கப் போனது ஹைவே ஓரத்து ஷோரூம் ஒன்றில். வெளிநாட்டு மெஷின், பெரிய டயர், பளபளவென்று பெயிண்ட். அங்கே இருந்த சேல்ஸ் தம்பி ஒரு கட்டு சவுக்குக் கம்பை எடுத்துவந்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். கரும்பு ஜூஸ் போடுகிற மாதிரி வழுவழு என்று போனது. டெமோவில் சவுக்குக் கம்பை அரைக்காத மெஷினை நான் இன்னும் பார்க்கவில்லை. கணு இல்லை, கோணல் இல்லை, காய்ந்து கிடக்கிறது. அதை அரைக்க மெஷின் எதற்கு? நான் குட்டியானையில் எங்கள் சரக்கைக் கொண்டுபோயிருந்தேன். ஈரத் தென்னமட்டை, கவையும் கோணலுமாக வேப்பங்கிளை, முந்தின நாள் கழித்த வாகை. அதைப் பார்த்ததும் தம்பியின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

ஆனால் பொய் சொல்லக்கூடாது, மெஷின் நன்றாகத்தான் ஓடியது. மட்டை நார் சுற்றிக்கொள்ளும் என்று காத்திருந்தேன், சுற்றவில்லை. வேப்பங்கவையை அப்படியே முறித்து உள்ளே இழுத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அட்வான்ஸே கொடுத்துவிட்ட களை.

அப்புறம் தம்பி ஒரு சிவப்புக் கம்பியைக் காட்டினார். மெஷினின் வாயில் பல் வைத்த உருளை இருக்கிறது. அதுதான் கிளையைப் பிளேடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். கிளையோடு சட்டையோ கையோ மாட்டிக்கொண்டால் அதையும் இழுக்கும். அந்த நேரத்தில் இந்தக் கம்பியைத் தள்ளினால் உருளை அந்த நொடியே நிற்கும். என் வீட்டுக்காரர் தள்ளினார், நின்றது. நான் எக்கித் தள்ளினேன், நின்றது. "யக்கா, நீ தள்ளு" என்றேன்.

மெஷின் உயரமான சக்கரத்தில் நின்றது. கம்பி வாய்க்கு மேலே இருந்தது. அக்கா நுனிக்காலில் நின்று கையை நீட்டினாள். ஒரு சாண் பத்தவில்லை. கிளை விடுகிற தட்டில் நெஞ்சை வைத்து எக்கிப் பார்த்தாள். அப்படியும் எட்டவில்லை. உருளை அவள் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒரு ஸ்டூல் போட்டுக்கலாம் மேடம்" என்றார் தம்பி.

"ஸ்டூல் போட்டு ஏறி நேரா உள்ள விழறதுக்கா?" என்றேன்.

"இல்ல மேடம், இவங்க ஏன் இங்க நிக்கணும்? ரெண்டு ஜென்ட்ஸ் போதும். மெஷின் வந்துட்டா இந்த மாதிரி ஆளுங்களே தேவைப்படாது. உங்களுக்குக் கூலி மிச்சம்தானே?"

நல்ல மனசோடுதான் சொன்னார், எங்களுக்கு லாபம் என்று. அக்கா தட்டிலிருந்து இறங்கிச் சட்டையைத் தட்டிக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "தம்பி, நல்ல மெஷினா கீது. இத்தையே வாங்கிக்கோ" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே போய் வண்டிப் பக்கம் நின்றாள்.

திரும்பும்போது வழியில் டீக்கு நிறுத்தினோம். டீயைக் கையில் வைத்துக்கொண்டே அக்கா கேட்டாள், "அப்போ நான் எப்போலேர்ந்து வர வாணாம் கண்ணு?"

"யார் உன்ன வர வாணாம்னாங்க?"

"பெருக்குறதுக்கு இன்னா கீது? அதான் தூளா துப்பிடுதே. இழுத்துப் போடறதுன்னா மெஷின் கிட்டத்தான் போவணும். என்னால அதுங்கிட்ட நிக்க முடியாது."

அன்றைக்குத்தான் விரல் கதையைச் சொன்னாள். எங்களிடம் வருவதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் ஆளாக இருந்திருக்கிறாள். தகட்டை மெஷினுக்குள் தள்ளுகிற வேலை. கை மாட்டிக்கொண்டது. சுவிட்சு மெஷினுக்கு அந்தப் பக்கம், சூப்பர்வைசர் நிற்கிற இடத்தில். "நிறுத்து நிறுத்துன்னு கத்துறேன், அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்குது? அது பாட்டுக்கு ஓடுது. அவரு பாத்து ஓடியாந்து நிறுத்தறதுக்குள்ள ஆயிடிச்சி. வெரலு போனதுகூட போவட்டும் கண்ணு. நான் சொல்லிக்கினே கீறேன், அது ஓடிக்கினே கீதே, அத்தத்தான் மறக்க முடியல."

இத்தனை நாள் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கு வேறு வேலையும் கிடையாது. விரல் இல்லாத கையைப் பார்த்தால் எந்தக் கம்பெனியும் கேட்டைத் திறக்காது. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிற புருஷனுக்கு இவள் கூலியில்தான் கஞ்சி. அந்த சேல்ஸ் தம்பி சொன்ன "இந்த மாதிரி ஆளுங்க" காதிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. எனக்கு அந்த மெஷின் வேண்டாம் என்றேன். அவருக்கு அதுதான் வேண்டும். "அக்காவ யார் போவச் சொன்னா? வேற எதுனா வேல குடுக்கலாம்" என்றார். "இன்னா வேல? மரத்துக்குப் பொட்டு வெக்கிற வேலையா?" என்றேன். "அவ உயரத்துக்குப் பாத்தா பொம்மை மெஷின்தான் வாங்கணும்" என்றார். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதற்கப்புறம் அந்த வீட்டில் தட்டும் டம்ளரும்தான் பேசிக்கொண்டன.

ஆனாலும் இன்னொரு இடம் பார்ப்பது என்று என் பிடிவாதத்துக்காக ஒத்துக்கொண்டார். திருவள்ளூர் பக்கம் ஒரு ஷெட். அங்கேயே செய்து அங்கேயே விற்கிறார்கள். மெஷின் தாழ்வாக, கொஞ்சம் குண்டாக, பார்க்க ஒன்றும் அழகில்லை. ஓனர் பேச்சே இல்லாத மனிதர். பிளேடு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்; அலமாரியைத் திறந்து காட்டினார். மழுங்கினால் யார் தீட்டுவது என்றேன். மூலையில் இருந்த ஆளைக் காட்டினார். ஏற்கனவே வாங்கினவர் யாராவது உண்டா என்றேன். போனில் கூப்பிட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்த மனிதர் ரெண்டு குறையும் சொன்னார், பெரிய கிளையை இன்னொரு தடவை அறுத்துத்தான் விடணும், சத்தம் ஜாஸ்தி என்று. குறை சொன்னதால் மற்றதை நம்பினேன்.

தென்னமட்டை விட்டபோது நார் ஒரு தடவை சுற்றிக்கொண்டது. என் வீட்டுக்காரர் "பாத்தியா" என்று புருவத்தைத் தூக்கினார். ஓனர் ஒரு லீவரைப் பின்னால் தள்ளினார், உருளை திருப்பிச் சுற்றி மட்டையை வெளியே கக்கியது, மறுபடி விட்டார், போய்விட்டது. இதில் நிறுத்துகிற கம்பி வாயைச் சுற்றி ரெண்டு பக்கமும் கீழேயும் வளைந்து வந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அவள் கைகூட நீட்டவில்லை, தொடையால் இடித்தாள். உருளை நின்றது.

வீட்டுக்காரரிடம் இப்போது பேசினால் சண்டையாகிவிடும் என்று நேராகப் போய் வண்டியில் ஏறினேன்.

பாதி வழியில் என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டே, அக்கா பின்னால் இருப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மேல கெளையில தொங்கிக்கினு இருக்கும்போது அவ நிறுத்துன்னா நான் நிறுத்துறேன்ல? ஏன் எதுக்குன்னு கேக்காம? மெஷினும் நிக்கட்டுமே. இத்தையே எடுத்துடலாம்."

அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும் என்பதை நான் அடிக்கடி மறந்துவிடுகிறேன். அன்றைக்கு நன்றாக ஞாபகம் வந்தது.

மெஷின் வந்தது. அவர் எலுமிச்சம்பழம் நசுக்கி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். அக்கா தள்ளி நின்று தன் கணக்குக்குக் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். மெஷினைக் கம்பெனிக்குக் கொண்டுபோன முதல் நாள், சேஃப்டி அதிகாரி ஹெல்மெட்டோடு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காண்டிராக்ட் கையெழுத்தாகிறதா இல்லையா என்பது அன்றைய வேலையைப் பொறுத்தது.

மெஷின் கிட்டே நிற்க முடியாது என்ற அக்கா, கம்பி தொடைக்கு எட்டுகிற மாதிரி பக்கவாட்டில் நின்று முதல் வேப்பங்கிளையை விட்டாள். போனது. இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் உருளை நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "இன்னாக்கா, மாட்டிக்கிச்சா?" என்று மரத்திலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். "இல்ல, நீ பாரு" என்று லீவரை இழுத்து மறுபடி ஓடவிட்டாள். நாலு கிளை போயிருக்கும். மறுபடி நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். மறுபடி நிறுத்தினாள்.

"மெஷின் ப்ராப்ளமா?" என்றார் அதிகாரி.

எனக்குச் சுள்ளென்று வந்தது. இவளுக்காக அவ்வளவு சண்டை போட்டு வாங்கினால், இன்றைக்குப் பார்த்தா இப்படி? நேராக அவளிடம் போனேன். "எதுக்குக்கா சும்மா சும்மா நிறுத்துற? இன்னா பேஜாரு இது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. நின்றுபோன உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் மரத்தூள், கண்ணில் தண்ணீர் ஓடி அதில் கோடு போட்டிருந்தது. ஆனால் சிரித்தாள்.

"நிக்குது கண்ணு" என்றாள். "நான் நிறுத்துனா நிக்குது."

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அழுகைதான் வந்தது, துண்டால் துடைத்துக்கொண்டேன். அதிகாரி பக்கம் திரும்பி, "மெஷின் நல்லா கீது சார். சொன்னா நிக்குது, பாருங்க" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா லீவரை இழுத்து ஓடவிட்டு, அவர் பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை நிறுத்திக் காட்டினாள்.