மெஷினுக்குப் பொறுமை இல்லை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அதை யார் என் முன்னால் சொன்னாலும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். என் அக்கா மகளுக்கு வாய் இருக்கிறது. சொல்தான் வெளியே வராமல் நின்றுவிடும். திக்குவாய். ‘ப’வும் ‘க’வும் அவளுக்குப் பரம எதிரிகள். அக்கா இறந்த பிறகு என்னோடுதான் இருக்கிறாள். நான் தையல்காரி. துணி சுற்றி வரும் பழைய செய்தித்தாளைக்கூட அவள் ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் குப்பையில் போட விடுவாள்.

ஒன்பதாம் வகுப்பில் வாசிப்புத் திட்டம் என்று பள்ளியில் எல்லோருக்கும் டேப்லெட் கொடுத்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் வரும் கதையை உரக்கப் படிக்க வேண்டும். சரியாகப் படித்தால் அடுத்த லெவல். ஒரு சொல்லில் கொஞ்சம் நின்றால் போதும், மெஷினே அந்தச் சொல்லைச் சொல்லித் தப்பு போட்டுவிடும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. வீட்டில் தடித் தடிப் புத்தகமாகப் படிக்கிறவள், அங்கே இரண்டாம் லெவலில் ‘பூனை பால் குடித்தது’ என்று மாட்டிக்கொண்டு நின்றாள். வருடக் கடைசிக்குள் ஆறாம் லெவலுக்கு வராதவர்கள் பத்தாம் வகுப்புக்குப் போக முடியாது. தனிப் பிரிவில் இன்னொரு வருடம் உட்கார வேண்டும். அதை நினைத்து அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

பிறகு திடீரென்று மளமளவென்று ஏறினாள். மூன்று, நான்கு, ஐந்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் இருக்கும்போதுதான் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள்.

தலைமையாசிரியர் அறையில், திட்டத்தைக் கவனிக்கும் டீச்சர் ஒரு ஒலிப்பதிவை ஓடவிட்டார். இரண்டு குரல்கள். ஒன்று எங்கள் பிள்ளையுடையது, துளித் தடங்கல் இல்லை. இன்னொன்று அவள் பக்கத்து பெஞ்சுக்காரியுடையது. இரண்டு பேரும் ஒரே மூச்சாகச் சேர்ந்து படித்திருக்கிறார்கள்.

“ஏமாத்து வேலைம்மா இது. மறுபடியும் ரெண்டாம் லெவல்லதான் போடணும்” என்றார் தலைமையாசிரியர்.

“என்ன சார் பேசறீங்க? இவளும்தானே படிக்கிறா? காதுல விழலையா?”

“மெஷின் ஒத்துக்காதும்மா.”

“இவளைப் பெத்தது மெஷினா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் கையைப் பிடித்து அடக்கினாள். “அ... அவ கூடச் சேர்ந்து படிச்சா எனக்குத் தி... தி...”

“திக்காது. அதானே?” என்றார் தலைமையாசிரியர்.

“தி... திக்காது சார்” என்று தானே சொல்லி முடித்தாள்.

டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்து நீட்டினார். “இதைத் தனியாப் படிக்கிறியா?”

எழுந்து நின்று படித்தாள். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியில் ‘பாலம்’ வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, கண் மூடிக்கொண்டது. பாழாய்ப்போன சொல்லை எடுத்துக் கொடுக்க என் வாய் தானாகத் திறந்தது. என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தித் தடுத்தாள். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“உட்காருங்க சார்” என்றார் டீச்சர். “பிள்ளை படிச்சிட்டிருக்கா.”

அவர் உட்கார்ந்துவிட்டார். பாலம் வந்தது. அதற்கடுத்த சொல்லும் வந்தது. வெளியே மணி அடித்து, பிள்ளைகளின் கூச்சல் எழுந்து அடங்கியபோதும் அவள் அதே பக்கத்தில்தான் இருந்தாள். கடைசிச் சொல் வரைக்கும் படித்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. கதையில் என்ன நடந்தது என்று டீச்சர் கேட்டதற்கும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

டீச்சர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

“மெஷின் போட்டதை நாம மாத்தலாமா?” என்று தலைமையாசிரியர் இழுத்தார்.

“டீச்சர் மதிப்பீடுன்னு ஒரு இடம் இருக்கு சார். நான்தான் இதுவரைக்கும் தொட்டதே இல்ல.”

ஆறு என்று போட்டார். காரணம் என்ன என்று திரை கேட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘முடிக்கும் வரை காத்திருந்து கேட்டேன்’ என்று தட்டினார். அதைப் படித்ததும் நான் அந்த அறையிலேயே, அவ்வளவு பேச்சுப் பேசிய வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.