அப்பா வரைந்த தீபாவளிச் சேலைகள்

2024 மார்ச் 9, சனிக்கிழமை. அப்பா வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தார். சீனி போடாத தேநீர் குடித்தார், வானொலியில் செய்தி கேட்டார், மாத்திரைகளை எடுத்தார். வலது கை நடுங்குவதால் சவரம் நான் செய்துவிட்டேன். பிறகு தூரிகைகளைத் துடைத்து வைத்துவிட்டு மூக்காயி அத்தைக்காகக் காத்திருந்தார். அத்தை, அப்பாவின் சித்தப்பா மகள். ஒன்பது மணிக்கு ஊதாச் சேலையில் வந்தார். அவரை இப்படி உட்காரவைத்து வரைய அப்பா நாற்பது வருடமாக ஆசைப்பட்டிருந்தார்.

இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், அப்பா பிறந்தார். தாத்தா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டினார், அப்பாயி கொழுந்து பறித்தார். தோட்டத் தமிழர் பலருக்கும் மறுக்கப்பட்ட பிரஜாவுரிமை கிடைத்திருந்த சில குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அதனால்தான் அப்பாவால் கடவுச்சீட்டு எடுக்க முடிந்தது. எழுபதுகளில் சோவியத் நாட்டின் புலமைப்பரிசில் பெற்று லெனின்கிராட்டில் ஓவியம் படித்தார். சுரங்கத் தொழிலாளியும் பால் கறக்கும் பெண்ணும் மாளிகைச் சுவர்களில் ஆளுயரத்துக்கு நிற்பதை அங்கேதான் பார்த்தார். நம் ஆட்களையும் அப்படி நிறுத்த வேண்டும் என்று நினைத்து ஊர் திரும்பினார்.

ஹட்டனில் ஒரு பாடசாலையில் சித்திர ஆசிரியரானார். வந்த முதல் மே தினத்துக்கு ஒரு பெரிய படம் வரைந்து, எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மாட்டினார். மழையில் கொழுந்து பறிக்கும் பெண்கள். முதுகில் கூடை, இடுப்பில் சேறு படிந்த படங்குச் சாக்கு, வெறுங்கால். நடுவில் நின்றவர், அப்போது இளம்பெண்ணாக இருந்த மூக்காயி அத்தை. அன்று நடந்ததை அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார்.

“அண்ணே, தேயிலப் பொட்டியில படம் போடுறவன்தான் எங்கள கூடையோட போடுறான். நீங்களுமா?” என்று கேட்டாராம் அத்தை.

“ஒழைப்புதாம்மா அழகு. ரஷ்யாவுல ஒழைக்கிறவங்கள இப்படித்தான் வரைவாங்க.”

“அப்ப நீங்க படங்கு கட்டிக்கிட்டு நில்லுங்க, நான் வரையிறேன். எங்கிட்ட தீவாளிச் சீல இருக்குதே, அத கட்டிக்கிட்டு வரச்சொல்லிக் கேட்டீங்களா?”

மடுவமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. படத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அதைக் கலண்டரில் அச்சிட ஏற்கனவே சம்மதம் கொடுத்திருந்தார். அடுத்த வருடம் முழுதும் அத்தை அதே படங்கோடு பொகவந்தலாவைக் கடைகளில் தொங்கினார். அத்தைக்குக் கோபம் ஆறவில்லை.

அதன்பின் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கன்வசைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போனார். வாசலில் நின்று முதலில் கேட்பது, “என்ன சீல கட்டிக்கிறீங்க?” என்பதுதான். பவுடர் பூசி, தலை நிறையப் பூ வைத்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். வரைந்து முடித்ததும் படத்தை அவர்களிடமே கொடுத்துவிடுவார். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அவை இன்றும் இருக்கின்றன. அவர் படித்த நாடே இல்லாமற்போன பிறகும், தூரிகை முடி உதிர்ந்தால் அதை ரஷ்ய மொழியில் திட்டும் பழக்கம் மட்டும் அப்பாவிடம் இருந்தது.

அத்தை மட்டும் உட்கார வரவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா கேட்பார். “எனக்கு வேல கெடக்குண்ணே” என்பதுதான் பதில். பக்கவாதம் வந்து கை நடுங்கத் தொடங்கியபோது, இனி அந்தப் படம் நடக்காது என்று அப்பா மனம் உடைந்திருந்தார். 2024 தை மாதத்தில் அத்தை தானே வந்தார்.

“ஒங்களுக்குக் கையி ஆடுது, எனக்குப் பல்லு போச்சி. இனி எவன் நம்மள கலண்டர்ல போடப்போறான்? வரைங்க.”

வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் அப்பா வரைந்தார். முகம் அத்தையின் முகமாகவே வந்தது. மார்ச் 9ஆம் திகதி கைகளை வரைந்தார். அத்தை எழுந்து வந்து பார்த்தார்.

“இது யாரு கையி?”

“ஒன் கையிதான்.”

“தொரசாணி கையி மாதிரில்ல இருக்கு. கொழுந்துக் கற எங்க?”

“கூடைய வேணாம்னு அன்னைக்கி அந்தச் சண்ட போட்ட. இப்ப கற வேணுமா?”

“கூட தோட்டத்துது. கற என்னோடது.”

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “சரி தாயி, நாளைக்கே வா. கைய மட்டும் சரி பண்ணிருவோம்” என்றார். அன்று மாலை இரண்டு தடவை தேநீர் கேட்டுக் குடித்தார். இரவில் உறக்கத்திலேயே எங்களைப் பிரிந்தார்.

பக்கவாதத்துக்குப் பின் அப்பாவைப் பார்த்துக்கொண்ட வைத்தியருக்கும் தாதியருக்கும், மழையில் பந்தல் போட்டுத் தந்த கினிகத்தேனைச் சிங்கள நண்பர்களுக்கும், தோளில் சுமந்த தோட்டத்து இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தங்கள் வீட்டுச் சுவரிலிருந்து படங்களைக் கழற்றித் தந்த பெண்களுக்கும் நன்றி. அந்தப் படங்களை இந்த நினைவு மலரின் பின்பக்கங்களில், ஒவ்வொருவர் பெயரோடும் அச்சிட்டிருக்கிறோம். கடைசிப் படத்தில் கைகளை அப்பா விட்ட இடத்திலேயே விட்டிருக்கிறோம்.

அப்பா போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, தூரத்து உறவினர்களுக்கு நாங்கள் தகவல் சொல்லத் தொடங்கும் முன்பே அத்தை வந்துவிட்டார். விஷயம் தெரிந்துதான் வந்தார். ஊதாச் சேலை கட்டியிருந்தார். அழவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, கிடத்தியிருந்த அப்பாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.