ஆறாவது ரொட்டி

2001 மார்ச் 3, சனிக்கிழமை. துணி துவைத்து, கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் காய்கறி வாங்கித் திரும்புகையில் ஆப்கன் ரொட்டிக் கடையிலிருந்து வந்த கருஞ்சீரக வாசனை என்னைக் காபூலுக்கு இழுத்துப்போனது. என் சிறுவயதில் அப்பா அங்கே டாக்டராக இருந்தார். எங்கள் தெருப் பெண்கள் மாவு உருண்டைகளைப் பொது அடுப்புக்குக் கொண்டுவந்து, அவரவர் வீட்டு அடையாளமாக விரலால் குழி பதிக்க, சூடான அடுப்புச் சுவரில் மாவை அறையும் சத்தம் காலை முழுதும் கேட்டுக்கொண்டிருக்கும். ரஷ்ய டாங்கிகள் வந்த குளிர்காலத்தில், குளிர்காய வந்தவன்போல் உட்கார்ந்த ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்காரன் ஒருவன் ரொட்டிகளை எண்ணினான். கணவர் நாட்டைவிட்டே தப்பிப் போய்விட்டதாகச் சொல்லிவந்த எதிர்வீட்டு ஆசிரியரின் மனைவி, பழக்கத்தில் ஆறு உருண்டை கொண்டுவந்துவிட்டார்.

"அஞ்சு பேருக்கு ஆறா, அக்கா? வாத்தியாருக்குப் பசிக்குதோ?"

"விருந்தாளி வந்திருக்காங்க, தம்பி."

"அப்ப நானும் வந்து பாக்கறேன்."

மாலைக்குள் ஆசிரியரைப் பரணிலிருந்து இழுத்துப்போனார்கள். மறுநாள் காலை எழுந்ததும் அம்மா எங்கள் வீட்டு உருண்டைகளை எண்ணினாள்.