இரண்டாவது விரல்

லிந்துலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அக்கா, அத்தான், நான் மூவரும் இருக்கிறோம். போன மழைக்காலத்தில் நான் மருத்துவக் குறியீட்டுப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். டாக்டர்கள் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கோ காயத்துக்கோ உரிய குறியீட்டைக் கணினியில் பதிகிற வேலை. அந்த வாரப் பாடம் கால்விரல் மூட்டு விலகல். வலது காலா இடது காலா, பெருவிரலா மற்றதா, பாதத்தோடு சேரும் மூட்டா விரலுக்குள் இருக்கும் மூட்டா, முதல் சிகிச்சையா தொடர்ச்சியா என்று எல்லாம் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பிழை.

ஒரு மத்தியானம் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்கள் அக்காவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். பறித்த கொழுந்து மூட்டையோடு தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது வழுக்கி, இடது கால் கல்லில் மோதியிருந்தது. சேற்றைக் கழுவினேன். இரண்டாவது விரல் அடியிலிருந்தே கிளம்பி, பெருவிரலின் மேல் சாய்ந்து கிடந்தது.

அத்தான் குனிந்து விரலைப் பிடிக்கப் போனார். "ஒரு இழுப்பு இழுத்தா சரியாயிரும்."

"வேணாங்க அத்தான். எலும்பு ஒடஞ்சிருந்தா?"

"ஒடஞ்சிருக்கா இல்லியான்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. விலகலுக்கு ஒரு குறியீடு, முறிவுக்கு வேறொன்று. எது என்பதை டாக்டர் எழுதியிருப்பார். குறியீடு பதிகிற நாங்கள் ஊகிக்கக் கூடாது என்றுதான் முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். இங்கே யாரும் எதையும் எழுதியிருக்கவில்லை.

அக்கா என் கையைப் பிடித்தாள். "நீ படிக்கிறது இதைத்தானே? சொல்லு. வெரல் போயிருமா?"

"போகாதுக்கா," என்றேன். என் குரலை எனக்கே நம்ப முடியவில்லை.

ஆசுபத்திரிக்குப் போன ஆட்டோ ஒவ்வொரு வளைவிலும் குலுங்கியது. அவள் காலை என் மடியில் வைத்திருந்தேன். விரல் நுனி வெளுத்திருந்ததுபோல் தோன்றியது. குளிரினாலா, இரத்தம் ஓடாததாலா?

"தொட்டா தெரியுதா?"

"கொஞ்சமாத் தெரியுது."

சற்று நேரத்தில் மறுபடி கேட்டேன். "சும்மா சும்மா கேக்காதே, பயமா இருக்கு," என்றாள். அத்தான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை இழுக்க விட்டிருந்தால் இந்நேரம் வலி நின்றிருக்குமோ என்ற நினைப்பு என்னை அரித்தது.

ஆசுபத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா சிங்களத்தில் சொன்னார், நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்: எலும்பு உடையவில்லை, மூட்டு மட்டும் விலகியிருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு விரலை மெல்ல இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். விரல் தன் இடத்துக்குப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக நிறமும் வந்தது.

"வீட்டிலேயே இழுத்திருந்தால்?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"சரியாகவும் வந்திருக்கலாம். கெட்டும் போயிருக்கலாம்."

அத்தான் என்னைப் பார்த்தார்.

விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டி, வேலைக்குப் போகக் கூடாது என்று அனுப்பினார்கள். தினமும் விடிந்ததும் வீக்கம் வற்றியிருக்கிறதா என்று நான் பார்ப்பேன். அக்கா காலை இழுத்துக்கொள்வாள். பல வாரங்கள் கழித்து ஒரு காலையில், நான் எழும்பும் முன்பே அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தாள். அவளுக்குப் போன் எடுத்தேன்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. ஆனா நடக்க முடியுதுல்ல? போனை வை, கொழுந்து நிறுக்கக் கூப்புடுறாங்க."