மிஸ்ஸியின் உள்ளங்கை

பாரிசின் மார்க்ஸ் டோர்மோயில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஞானமலர், ஒருகாலத்தில் ஒரு பெருநாட்டின் இராணுவத்தையே உள்ளங்கையால் நிறுத்தியவர். சரி, இராணுவம் என்பது கொஞ்சம் ஊதிப் பெருத்த கணக்குத்தான். ஒரேயொரு சிப்பாய், அவனும் காய்ச்சல்காரன். ஆனால் துவக்கு மெய்யான துவக்கு. அதைக் கண்ணால் கண்ட யோகராணி இன்றைக்கும் சாட்சிக்கு இருக்கிறாள்.

அன்று பக்கத்து லா ஷப்பலில் பிள்ளையார் கோயில் தேர். வீதியோரம் தேங்காய்கள் மலைமலையாய்க் குவிந்திருந்தன. யோகராணி ஒன்றைக் கையில் ஏந்திக் கண்ணை மூடி நின்றாள். பக்கத்தில் மடக்குக் கதிரையில் உட்கார்ந்திருந்தார் ஞானமலர். பாரிசில் ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடித்தே முதுகு வளைந்தவர். ஆனாலும் ஊரில் தாதியாய் இருந்த பெயர் அவரை விடவில்லை. எந்த வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் முதல் போன் 'மிஸ்ஸி'க்குத்தான். அவர் நெற்றியில் கைவைத்த பிறகுதான் தாய்மாருக்கு மூச்சு வரும்.

"யாருக்காக வேண்டிக்கிறீங்க?" என்று கேட்டாள் புதுச்சேரிக்காரி சுசான். மாதா பக்தை, தேருக்கும் தவறமாட்டாள்.

"ஒரு இந்திய டொக்டருக்கு. வருசாவருசம் உடைக்கிறன். பேர்கூடத் தெரியாது."

"பேர் தெரியாத ஆளுக்கா? உங்க பிள்ளையாருக்கு விலாசம் வேணாமா?"

"அவரென்ன தபால்காரரே?" என்ற யோகராணி, கதையைத் தொடங்கினாள்.

தனிநாட்டுக்கான போர் நடந்த காலம். இலங்கை அரசோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு இந்தியப் படை வந்திறங்கியது. காக்க வந்தவர்கள் என்று சனம் மாலை போட்டது. மாலை வாடுமுன்னே அந்தப் படைக்கும் இயக்கப் பெடியளுக்கும் சண்டை மூண்டது. நுளம்புக்கு ஒப்பந்தம் ஏது? ஊரையும் முகாமையும் ஒரே பந்தியில் இருத்தி இரத்தம் குடித்தது. பாதை அடைபட்டதால் வன்னியில் ஞானமலரின் மருந்தகத்தில் மலேரியாக் குளிசை ஒன்றுகூட இல்லை. யோகராணியின் சின்ன மகள் சுபாங்கி குலைப்பன் காய்ச்சலில் கட்டிலே ஆட நடுங்கினாள். கண்கள் மேலே செருகத் தொடங்கின.

"இந்தியன் ஆமி முகாமிலை மருந்து இருக்கும். பிள்ளையைத் தூக்கு," என்றார் ஞானமலர்.

போனால் அந்தப் பக்கம் சுடலாம். திரும்பினால், ஏன் போனாய் என்று இந்தப் பக்கம் இயக்கம் கேட்கலாம். ஞானமலர் வெள்ளைச் சீருடையை உடுத்திக்கொண்டு உச்சி வெயிலில் முன்னே நடந்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த யோகராணிக்குப் பாலை மரத்தடிக்கு அப்பால் கால் எழவில்லை.

காவலரணில் நின்ற சிப்பாய் துவக்கை நீட்டினான். துவக்கு ஆடியது. அந்த வெயிலிலும் கம்பளி போர்த்திக்கொண்டு அவன் பல் கிட்டி நடுங்கினான். அவன் நினைக்காவிட்டாலும் விரல் நடுக்கத்திலேயே வெடித்துவிடும். ஞானமலர் நிற்கவில்லை. குழல்வாய் நெஞ்சில் முட்டுமட்டும் போனார். கையை நீட்டி அவன் நெற்றியில் வைத்தார்.

காட்டில் ஒரு குருவி பேசவில்லை. காற்றும் நின்று பார்த்தது என்றுதான் யோகராணி இன்றைக்கும் சொல்வாள். துவக்கு மெல்ல மெல்லத் தாழ்ந்தது.

பிறகு இருவரும் மண்மூட்டைக்குப் பின்னால் மறைந்தார்கள். திரும்பி வந்த ஞானமலர், உள்ளங்கையில் ஒரு பொட்டலத்தைக் காட்டி, "ஆர் தந்தது எண்டு கேக்காதை," என்றார். யோகராணி கேட்கவில்லை. மருந்து தருவது டொக்டர்தானே என்று தானாக முடிவுகட்டிக்கொண்டாள். குளிசையைத் தேநீரில் கரைத்துப் பருக்கினார்கள். சுபாங்கி பிழைத்தாள்.

"இப்ப பாரிசுக்குப் பக்கத்திலை, கார்ஜிலை மூண்டு பிள்ளையளோடை இருந்து எனக்குப் புத்தி சொல்லுறாள். எல்லாம் அந்த டொக்டர் மனம் வைச்சதாலை."

சுசான் சிலுவை போட்டுக்கொண்டாள். யோகராணி தேங்காயை ஓங்கினாள். அவள் சேலைத் தலைப்பை ஞானமலர் எட்டிப் பிடித்தார்.

"பொறு. இவ்வளவு காலமும் டொக்டருக்கே உடைச்சனீ? நான் பிள்ளைக்கு எண்டெல்லோ நினைச்சன்."

"ஓம் மிஸ்ஸி, டொக்டருக்குத்தான்."

"அங்கை டொக்டரே இல்லையடி. அவங்களுக்கும் மருந்து முடிஞ்சுபோச்சு. அது, துவக்கோடை நடுங்கிக்கொண்டு நிண்ட அந்தப் பெடியன் தனக்கெண்டு சட்டைப் பையுக்கை வைச்சிருந்த கடைசிக் குளிசை."