ஜாஸ்மினுக்கு ஒரு பேனர்

மேற்குத் தாம்பரத்தில் சேட்டு நடத்தும் பேனர் கடையில் டிசைன் வேலை பார்ப்பவள் ஜெயசீலி. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வந்தவள், தொழிலை அங்கேயே கற்றுக்கொண்டாள். அவள் தெருவில் அவள் பேனர் போடாத வீடு கிடையாது. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சரி, இனிஷியல் சரியா, பட்டத்துக்கு நடுவே புள்ளி இருக்கிறதா, தாய்மாமன் முகம் சித்தப்பா முகத்தைவிடச் சின்னதாகிவிடவில்லையே என்று பார்த்த பிறகுதான் பிரிண்டுக்கு அனுப்புவாள். எதிர்வீட்டுத் தையல்நாயகியின் மகன் மகேஷ் இன்ஜினீயரிங் முடித்து ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்தபோது, கழுத்தில் கம்பெனி அட்டையோடு அவனைத் தெருமுனையில் ஆளுயரத்துக்கு நிறுத்தியவளும் அவள்தான்.

தன் தங்கை ஜாஸ்மினுக்கு மட்டும் ஒரு பேனர் போட அவளுக்கு வாய்க்கவே இல்லை.

ஜாஸ்மின் படித்தது கணக்கு. மின்சார ரயிலில் தினமும் நின்றுகொண்டே போய், சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்தாள். ரிசல்ட் வந்த அன்றைக்கே ஜெயசீலி டிசைனைத் தயார் செய்துவிட்டாள்.

“வேணாங்க்கா. பாக்குறவங்க எல்லாம் அடுத்து என்ன வேலைன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?” என்றாள் ஜாஸ்மின்.

அது உண்மைதான். கணக்கு என்றதும் தெருவில் எல்லோரும் “டீச்சர் வேலைக்கா?” என்றுதான் கேட்டார்கள். பெருங்களத்தூரில் ஒரு பள்ளிக்கூடம் கூப்பிடவும் செய்தது. சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று ஜெயசீலி உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். ஜாஸ்மினோ, உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்வதற்கான பரீட்சையை எழுதினாள். முதல் தடவை போயிற்று. இரண்டாம் தடவை தேறி, திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கணக்குப் போடும்போது பென்சிலால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டிக்கொண்டே இருப்பது அவள் பழக்கம். “தூங்க விடுடி” என்று வருஷக்கணக்காகத் திட்டியவள் ஜெயசீலி. இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வர நேரமாகிறது.

போன ஐப்பசியில் லீவுக்கு வந்த ஜாஸ்மின் ஒரு பென்டிரைவோடு கடைக்கே வந்து நின்றாள். மதுரையில் ஒரு கருத்தரங்கு. தான் கண்டுபிடித்ததை ஒரு பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் மாட்டிவைத்து, வருகிறவர்களுக்கு விளக்க வேண்டுமாம்.

“துணியா இருந்தாலும் பரவால்லக்கா. பெரிசா, தெளிவா இருக்கணும்.”

ஜெயசீலி திறந்து பார்த்தாள். மேலே இங்கிலீஷில் தலைப்பு. அதற்குக் கீழே ‘ஏ. ஜாஸ்மின்’. பிறகு முழுக்கப் புள்ளிகளும் கோடுகளும்.

சேட்டு பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னாமா இது, கோலம் கணக்கா கீது?”

ஜாஸ்மின் சிரித்தாள். “ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீடுன்னு வெச்சுக்கங்கண்ணா. கோடு போட்டிருந்தா பக்கத்து வீடு. தண்ணி லாரி சில வீட்டு வாசல்லதான் நிக்கும். கொடத்த எடுத்துக்கினு யாரும் பக்கத்து வீட்டுக்கு மேல நடக்கக் கூடாது. எல்லாருக்கும் தண்ணி கெடைக்கணும்னா, லாரி கொறஞ்சது எத்தன வாசல்ல நிக்கணும்? அதான் கேள்வி.”

“லாரித் தண்ணிக்கு அலையற மேடவாக்கத்துக்காரன் கேட்டா உன் கால்ல வியுந்துடுவான். சரி, இத்த கண்டுபுட்ச்சா இன்னா வேல தருவானுங்கோ?”

“டாக்டர் பட்டம் வாங்குனா காலேஜ்ல புரொபசராவலாம். கம்ப்யூட்டர் கம்பெனியிலயும் எடுக்குறாங்க. ஆனா நிச்சயம்னு ஒண்ணும் இல்லண்ணா.”

படம் பெரிதாக்கினால் மங்கியது. ஜெயசீலி புள்ளி புள்ளியாக, கோடு கோடாகத் திரும்ப வரைந்தாள். ஓரத்தில் ஒரு புள்ளி வரிசையை விட்டுத் தள்ளி நின்றது. நேராக்கிவிட்ட பிறகுதான் பயம் வந்தது. “ஐயோ, இத நகத்திட்டேன்டி. கணக்கு தப்பாயிடுமா?”

“ஆவாதுக்கா. புள்ளி எங்க வேணா இருக்கலாம். எது எதோட சேந்திருக்குன்றது மாறாம இருந்தா போதும்.”

ஜாஸ்மின் சாப்பிட வீட்டுக்குப் போனாள். ஜெயசீலி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருந்தும் என்னவோ பாக்கி இருப்பது போலிருந்தது. மேலே வலது மூலையில், பழைய டிசைனில் வைத்திருந்த ஜாஸ்மினின் பி.எஸ்சி. பட்டமளிப்பு விழாப் போட்டோவை வைத்தாள். கீழே ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ என்று போட்டு, அப்பா அந்தோணிசாமி, அம்மா ரெஜினா, அக்கா ஜெயசீலி என்று வட்ட வட்டமாக முகங்கள்.

“என்தையும் போடு. அந்த ரோஸ் சட்ட போட்டோ,” என்றார் சேட்டு.

சாப்பிட்டு வந்த ஜாஸ்மின், மெஷினிலிருந்து இறங்கிய பிளெக்ஸைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னாக்கா இது? அங்க யாரும் இப்படிப் போட மாட்டாங்க. சிரிப்பாங்க.”

“தங்கச்சிய வாழ்த்துனா சிரிப்பாங்களா?”

“இது கருத்தரங்குக்கா. கட்சி மாநாடு இல்ல.”

ஜெயசீலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ஊருக்கெல்லாம் போட்டேன். உனக்குத்தான்டி போடவே இல்ல,” என்றாள். சேட்டு டீ வாங்கப் போவதுபோல மெல்ல நழுவிவிட்டார். ஜெயசீலி முகங்களை எடுத்துவிட்டு இன்னொன்று அடித்து, மடங்காமல் சுருட்டி, இரண்டு முனையிலும் டேப் ஒட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் தாம்பரத்தில் ஜாஸ்மினை வைகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டாள். வண்டி நகர்ந்தபோது, “சுருட்டின மேனிக்கே வை, சாய்ச்சு வைக்காத,” என்று ஜன்னலோடு கூடவே நடந்து சொன்னாள் ஜெயசீலி.

அடுத்த நாள் காலையில் போனில் ஒரு படம் வந்தது. சுவரில் அவள் அடித்த பிளெக்ஸ். அதன் முன்னால் மூக்குக்கண்ணாடிக்காரர்கள் நாலைந்து பேர் கழுத்தை நீட்டிப் படித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் கையை நீட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள் ஜாஸ்மின். ஜெயசீலி படத்தைப் பெரிதாக்கி முதலில் கோடுகளைப் பார்த்தாள். மங்கவில்லை. பிறகுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் ஒருநாளும் பார்த்திராத முகமாக இருந்தது. அந்தக் கும்பலில் ஓரமாக ஒரு நிமிஷம் நின்றால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

படத்துக்குக் கீழே ஒரு வரி: “நம்ம மொகமெல்லாம் இருக்குற அந்த மொதல் பிளெக்ஸ நம்ம தெருவுல கட்டிடுக்கா.”

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கட்டினாள். மகேஷ் நின்ற அதே கம்பத்தில்.

தெரு கூடிவிட்டது. தையல்நாயகி குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் அண்ணாந்து பார்த்தாள். “இன்னாடி இது, ஒரே புள்ளியா கீது? தங்கச்சிக்கு வேல கெட்ச்சிச்சா?”

“இன்னும் இல்லக்கா. படிக்குது. இது அவ கண்டுபுடிச்சது,” என்று ஜெயசீலி, வீட்டையும் கோட்டையும் தண்ணீர் லாரியையும் ஒன்று விடாமல், ஜாஸ்மின் சொன்ன வரிசையிலேயே சொன்னாள்.

தையல்நாயகி யோசித்தாள். “அப்போ நம்ம தெருவுல எந்த வூட்டாண்ட நிக்கணுமாம்? சொல்லு, லாரிக்காரன் வந்தா சொல்லிக்கலாம்.”

ஜெயசீலி மூலையிலிருந்த போட்டோவை ஏறிட்டுப் பார்த்தாள். “அவ வந்ததும் கேட்டுச் சொல்றேங்க்கா.”

“எப்போ வருது?”

காற்றில் பிளெக்ஸ் ஒரு பக்கம் உப்பியது. கம்பத்தின் மேல் கயிறு தளர்ந்திருந்தது. அதை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டத் தொடங்கினாள் ஜெயசீலி.