தாழ்ப்பாள் இல்லாத கதவும் தையல்நாயகி டீச்சரும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த மரக்கட்டையைக் கொண்டுவந்தவள் நான்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை, அதில் சிவப்புப் பெயிண்டில் 'வெளியே செல்ல அனுமதி' என்ற எழுத்து, தொங்கவிட ஒரு நைலான் கயிறு. வகுப்புக்கு ஒன்று. பாடம் நடக்கும்போது கழிப்பறைக்குப் போகிறவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். கட்டை ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் ஒழுங்குப் பதிவேட்டில் பெயர் ஏறும். மூன்று முறை ஏறினால் அப்பாவோ அம்மாவோ வந்து தலைமையாசிரியர் முன்னால் நிற்க வேண்டும்.

என் பெயர் கலைப்பிரியா. விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு நான் வகுப்பாசிரியை. பெண் பிள்ளைகள் இரண்டு பேராக, மூன்று பேராக வெளியே போய்க் கால் மணி நேரம் கழித்து வருவது அப்போது எனக்குப் பெரிய எரிச்சல். வம்பளக்கப் போகிறார்கள், எவளாவது கைப்பேசி கொண்டுவந்திருப்பாள் என்றெல்லாம் நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். கட்டைத் திட்டத்தைச் சொன்னதும் தலைமையாசிரியர் பாண்டுரங்கன் சார் ஆசிரியர் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று கைதட்டாத ஒரே ஆள் தையல்நாயகி, எங்கள் பி.டி. டீச்சர்.

வல்லம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கபடியில் மாநில அளவு வரைக்கும் போய், இடது முட்டியைக் கொடுத்துவிட்டு வந்தவர். சேலைக்கு மேல் ஒரு கோட்டு, காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். பன்னிரண்டு வருடமாகப் பகுதி நேர ஆசிரியை. உத்தரவின்படி வாரத்துக்கு மூன்று அரை நாள் வந்தால் போதும். ஆனால் வாரம் ஐந்து நாளும் காலை எட்டு மணிக்கு அவரைப் பஸ் நிறுத்தத்தில் பார்க்கலாம். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வரும் பையன்களைச் சட்டைக் காலரைப் பிடித்து இறக்கிக்கொண்டிருப்பார். "வண்டி நிக்கறதுக்குள்ள குதிக்கறியே, உங்கம்மா உனக்கு ரெண்டு காலு எக்ஸ்ட்ரா பெத்து வச்சிருக்காளா?" என்று அவர் கேட்பது நெடுஞ்சாலை வரைக்கும் கேட்கும்.

பிரம்பை அவர் கையில் நான் பார்த்ததே இல்லை. இரண்டு பேர் அடித்துக்கொண்டால் இருவரையும் மைதானத்துக்கு இழுத்துப்போய், கயிற்றின் ஆளுக்கொரு முனையைக் கொடுத்து, கபடிக் கோட்டுக்குச் சுண்ணாம்பு போடச் சொல்வார். ஒருவன் கோணலாகப் பிடித்தால் கோடும் கோணலாகும், மறுபடியும் முதலிலிருந்து. நாலாவது கோட்டுக்குள் இருவரும் பேசிக்கொள்வார்கள். இப்படிப்பட்ட மனுஷியைத்தான் எங்கள் ஆசிரியர் அறையில் 'விளையாட்டு டீச்சருக்கு என்ன, சும்மா விசில் ஊதற வேலை' என்று பேசுவோம். சோறு தின்கிற வாயால்தான் பேசினோம்.

அந்தக் கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னார். "சார், பொண்ணுங்க கக்கூஸ்ல மூணுல ரெண்டு அடச்சிக்கினு கெடக்குது. மிச்சம் இருக்கற ஒண்ணுலயும் உள்பக்கம் தாப்பா இல்ல. தள்ளுனா தொறந்துக்கும். எதிர்லதான் பசங்க தண்ணி புடிக்கற கொழாய். ஒருத்தி வெளிய கதவப் புடிச்சிக்கினு நின்னாத்தான் இன்னொருத்தி உள்ள போவ முடியும். அதுக்குத்தான் ரெண்டு பேரா போறாளுங்க. இன்டர்வெல்லுல போங்கன்றீங்க. இருநூறு பொண்ணுங்க, ஒரு கதவு, பத்து நிமிஷம். கணக்கு டீச்சரே சொல்லட்டும், எத்தினி பேரு போவ முடியும்னு."

கணக்கு டீச்சர் நான் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்குத் தனியா எஸ்டிமேட் போட்டு மேல அனுப்பியிருக்கேன்மா. வரும்" என்றார் தலைமையாசிரியர். "நீங்க கிரவுண்டைப் பாத்துக்குங்க."

மறுநாள் தையல்நாயகியே திண்டிவனம் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு வந்தார். பாண்டுரங்கன் சார் அதை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். எஸ்டிமேட் மேலே போயிருக்கும்போது நடுவில் யாரும் புதுச் சாமான் அடிக்கக் கூடாதாம், தணிக்கையில் கேள்வி வருமாம். ஒரு தாழ்ப்பாளுக்குத் தணிக்கை! அதே மாதம்தான் அவர் அறையோடு ஒட்டிய குளியலறைக்குப் புதுக் கதவு, புதுத் தாழ்ப்பாள், கண்ணாடி எல்லாம் போட்டார்கள். அதற்கு எந்தத் தணிக்கையும் தும்மக்கூட இல்லை.

கட்டைகள் தொங்கின. இரண்டே வாரத்தில் வகுப்பறைகள் அமைதியாகிவிட்டன என்று நான் பூரித்துப்போனேன். பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டதால் வந்த அமைதி அது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் ஒரு நாளாவது அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது, சாவியோடு.

என் வகுப்பில் சங்கவி என்று ஒரு பெண். நன்றாகப் படிப்பாள், அதிகம் பேச மாட்டாள். கட்டையை எடுத்துக்கொண்டு போனால் இருபது நிமிடம் ஆகும். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். திமிர் என்று நினைத்தேன். முதல் முறை எழுதினேன். இரண்டாவது முறை எழுதினேன். நவம்பரில் மூன்றாவது முறையும் என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் அப்பா மணிமாறன் ஒரு புதன்கிழமை மதியம் வந்தார். கொல்லைக்காட்டில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஆள், தகவல் போனதும் அப்படியே வந்திருந்தார். காலில் ஈரச் செம்மண். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பதிவேட்டையும் கட்டையையும் மேசை மேல் வைத்திருந்தோம், கைப்பற்றிய சாட்சிப் பொருள் மாதிரி. சங்கவி சுவரோரம் நின்றாள்.

"உங்க பொண்ணு கட்டைய எடுத்துக்கினு போனா இருபது நிமிஷம் ஆளக் காணோம்" என்றார் தலைமையாசிரியர். "ஒரு தடவ இல்ல, மூணு தடவ. எங்க போறா, யாரப் பாக்கறா, எங்களுக்கு என்னங்க தெரியும்? வயசுப் பொண்ணு. நாளைக்கு ஒண்ணுன்னா எங்களத்தான் சொல்லுவீங்க."

யாரைப் பார்க்கிறாள்! அந்த ஒரு வார்த்தை போதாதா? மணிமாறன் முகம் கறுத்துவிட்டது. மகள் பக்கம் திரும்பி, "யாரப் பாக்கப் போனே?" என்றார். இத்தனை பேர் முன்னால் அந்தக் குழந்தை எதைச் சொல்வாள்?

"டி.சி. குடுத்துடுங்க சார்" என்றார் அவர். "அனந்தபுரத்துல என் தங்கச்சி வூட்டுல இருக்கட்டும். அங்க துணிக்கடைக்கு ஆளு கேட்டுக்கினு இருக்காங்க. படிச்சது போதும்."

பொதுத்தேர்வுக்கு நான்கே மாதம். தலைமையாசிரியர் தடுக்கவில்லை. உதவியாளர் பெரியசாமியைக் கூப்பிட்டு மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். எழுத வேண்டியவள் நான். பேனாவைத் திறந்துவிட்டேன், வெட்கங்கெட்டவள்.

"எங்க போனான்னு நான் சொல்றேங்க."

வாசலில் தையல்நாயகி. விளையாட்டு வகுப்புக்கு வராத பெண்ணைத் தேடிக்கொண்டு வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"ஒண்ணுக்குப் போனா. வேற எங்கயும் போவல."

"அதுக்கு இருபது நிமிஷமா?" என்றார் மணிமாறன். கேட்டது அப்பா. அவருக்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும்?

"நல்லாக் கேட்டீங்க" என்று சொல்லிவிட்டுத் தையல்நாயகி போய்விட்டார். தோற்றுப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் விளையாட்டுச் சாமான் அறையிலிருந்து ஒரு திருப்புளியோடு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தலைமையாசிரியரின் குளியலறைக்குள் போய், புதுக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஏம்மா, என்ன பண்றீங்க? கவர்மென்ட் சொத்தும்மா அது!"

"தெரியும் சார். பள்ளிக்கூடத்துச் சாமான் பள்ளிக்கூடத்துக்குள்ளயேதான் இருக்கப் போவுது. புதுசா வாங்கல, பில்லு இல்ல. ஆடிட்ல யாரு கேக்கப் போறாங்க?"

"வேலை போயிடும், பாத்துக்குங்க."

"போவட்டும் சார்" என்றார். பன்னிரண்டு வருட வேலை. ஆனால் திருப்புளி நிற்கவில்லை. கழற்றிய ஸ்க்ரூக்களைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, தாழ்ப்பாளோடு பெண்கள் கழிப்பறைப் பக்கம் நடந்தார்.

பாண்டுரங்கன் சார் கத்தினார், மேசையைத் தட்டினார், மெமோ கொடுப்பேன் என்றார். "நீங்க எழுதுங்க" என்று என்னை விரட்டினார். நான் மாணவி பெயர், தந்தை பெயர் எழுதினேன். பேனா அதற்கு மேல் ஓடவில்லை. கால் மணி நேரம் போயிருக்கும். சார் சர்க்கரை நோயாளி. அடிக்கடி எழுந்து போயே ஆக வேண்டும். எழுந்து குளியலறைக் கதவு வரைக்கும் போனார், கதவைச் சாத்தினார். அது தானாகத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார். மறுபடியும் திறந்துகொண்டது.

"யோவ் பெரியசாமி, இங்க வா. இந்தக் கதவப் புடிச்சிக்கினு நில்லு. யாரும் வராமப் பாத்துக்க."

அதற்குள் தையல்நாயகி திரும்பி வந்திருந்தார். மேசை மேலிருந்த மரக்கட்டையை எடுத்துத் தலைமையாசிரியரிடம் நீட்டினார்.

"ஒரு நேரத்துல ஒருத்தர்தான்னு நீங்கதான சார் கையெழுத்துப் போட்டீங்க? தொணைக்கு ஆளு எதுக்கு? இந்தாங்க. அஞ்சு நிமிஷம்."

சார் அங்கேயே நின்றார், உள்ளேயும் போக முடியாமல், வெளியேயும் வர முடியாமல். மணிமாறன் அந்தக் கதவைப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியசாமியைப் பார்த்தார். பிறகு மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு யாரும்மா நின்னாங்க?"

"யாரும் இல்லப்பா" என்றாள் சங்கவி. அன்று அவள் பேசிய முதல் பேச்சு. "வேற கிளாஸ்லேர்ந்து யாராச்சும் கட்டைய எடுத்துக்கினு வர்ற வரைக்கும் நிப்பேன். அவ நிக்க நான் போவேன், நான் நிக்க அவ போவா."

"யாரும் வரலன்னா?"

"போவாமலே வந்துருவேன்."

மணிமாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலைமையாசிரியரைப் பார்த்து, "யாரப் பாக்கப் போறான்னு கேட்டீங்களே சார், எம் பொண்ண" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சான்றிதழ்ப் புத்தகத்தில் நான் பாதி எழுதியிருந்த தாளை உருவி இரண்டாகக் கிழித்து மேசை மேல் வைத்துவிட்டு, மகளை வகுப்பு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

நான் பதிவேட்டை எடுத்து அந்த மூன்று பதிவுகளுக்குப் பக்கத்திலும் 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கட்டைகளை வகுப்பு வகுப்பாகப் போய் நானே கழற்றினேன். பெரிய காரியம் செய்துவிட்டதாகச் சொல்லவில்லை. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அன்று மாலை ஐந்து மணிக்குள், இழுப்பறையில் பூட்டிக் கிடந்த தாழ்ப்பாள் வெளியே வந்தது. தையல்நாயகி வாங்கிவந்த அதே தாழ்ப்பாள். எஸ்டிமேட் இல்லாமல், தணிக்கை இல்லாமல், பெரியசாமி கையால் தலைமையாசிரியரின் குளியலறைக் கதவில் ஏறியது. வயிறு எரிகிறது, இன்றைக்கும்.

மறுநாள் தையல்நாயகிக்கு மெமோ வந்தது. அரசுச் சொத்தை அனுமதியின்றி அகற்றியதற்கு மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். அவர் மைதானத்தில் நின்றபடியே, ஒரு பையனின் முதுகில் தாளை வைத்து எழுதினார். நான் பக்கத்தில் இருந்து படித்தேன்.

'தாழ்ப்பாளைக் கழற்றியது உண்மை. அது இப்போது மாணவியர் கழிப்பறையில் இருக்கிறது. அதை மீண்டும் கழற்ற வேண்டுமென்றால், தாங்கள் எழுத்து மூலம் உத்தரவிடவும்.'

ஒரு வருடமாகிறது. எழுத்தில் எதுவும் வரவில்லை.